சக்கரத்தின் பத்தாவது குண்டு

மாப்ள,

உன் சைக்கிளின் முன் சக்கரத்து அச்சுக் குண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்று காலை வெற்றிலைப் பெட்டியைத் துடைக்க எடுத்தபோது, பழைய சுண்ணாம்பு டப்பாவுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திறந்தேன். மிளகு அளவுதான். துருப்பிடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் சுண்ணாம்பையும் மீறி இன்னும் கிரீஸ் வாசம் லேசாக அடிக்கிறது. அல்லது எனக்கு மட்டும் அடிக்கிறதோ என்னவோ.

நீ போன ஐப்பசியில் போய்விட்டாய். பத்தே நாள் காய்ச்சல். மையவாடியில் உன் தம்பி என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் மண்ணு போடுங்கண்ணே" என்றான். மூன்று பிடி போட்டேன். அப்போதும் இந்தக் குண்டு என் வீட்டில்தான் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏறி மிதிக்கக் கால் வரவில்லை.

பொறாமை என்று நேராகவே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீ சிரிப்பாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே மாதத்தில், அடுத்தடுத்த பெட்டியிலிருந்து பிரித்த இரண்டு சீமை சைக்கிள்களை வாங்கினோம். கறுப்பு வர்ணம், மட்கார்டில் தங்கக் கோடு, எல்லாம் ஒன்றுதான். எது யாருக்கு என்று வந்தபோது நீதான் "மொதல்ல நீ எடுத்துக்க மாப்ள" என்றாய். நான் இரண்டையும் தூக்கிப் பார்த்து, மணியை அடித்துப் பார்த்து, நல்லது என்று தோன்றியதை எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழிந்தது. என் வண்டி வருவது தெருமுனையிலேயே தெரியும். செயின் ஒரு பக்கம் புலம்பும், மட்கார்டு ஒரு பக்கம் முனகும். உன் வண்டி பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரியும். நல்லதை நான் எடுக்கவில்லை, ஏமாந்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். உன் கையில் இருந்ததால்தான் அது நல்லதாயிற்று என்பது புரிய ரொம்ப நாள் பிடித்தது. புரிந்த பிறகு பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை.

எனக்கும் ஒரு சாக்கு இருந்தது. நான் தினமும் புதுக்கோட்டையிலிருந்து டவுனுக்கு ஏழு மைல் வர வேண்டும். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி, வருஷம் முழுக்கக் கருவேல முள். நீ வீட்டிலிருந்து உங்கள் அத்தாவின் குடைக் கடைக்குப் போவாய், கடையிலிருந்து வீட்டுக்கு வருவாய். இதை நான் ஒருநாள் சொல்லிக் காட்டியபோது நம் கம்பவுண்டர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற மனிதர், பேச்சையும் அளந்துதான் ஊற்றுவார்.

"ரோட்டக் குத்தம் சொல்லாத தம்பி. ரோடு வந்து செயினத் தொடைக்குமா?"

நீ அதற்கும் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தூரம் சாஸ்திண்ணே" என்று எனக்காகப் பேசினாய். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். நீ, நான், கம்பவுண்டர் அண்ணன், டிரில் வாத்தியார் என்று நான்கு பேர். விடிந்து வெயில் ஏறுமுன் வைகைப் பாலத்துக்குத் தெற்கே கூடுவோம். ஒருவாரம் அழகர்கோவில், ஒருவாரம் பரவை, ஒருவாரம் நாகமலைப் பக்கம். நாகமலைப் பக்கம் என்றால் என் ஊர்ப் பக்கம். என் ஊர் வழியாகப் போவதற்காக நான் ஏழு மைல் மிதித்து டவுனுக்கு வந்து, மறுபடி அதே ஏழு மைல் உங்களோடு திரும்புவேன். இதை வைத்து டிரில் வாத்தியார் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல.

கிளம்புமுன் தொட்டில் பார்ப்போம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். உனக்கு இது தெரியாததா? முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, காற்றடிக்கிற வால்வு உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்படி வைத்துக் கையை விட வேண்டும். சக்கரத்தில் அந்த இடம்தான் துளி கனம். அது கீழே வரும், மறுபக்கம் ஏறும், மறுபடி வரும், தொட்டில் ஆடுவதுபோல ஆடி ஆடிக் கடைசியில் வால்வு கீழே வந்து நிற்கும். எத்தனை ஆட்டம் என்று கம்பவுண்டர் அண்ணன் எண்ணுவார். அச்சில் அழுக்கு இருந்தால், இறுக்கம் கூடினால், ஐந்தாறு ஆட்டத்தில் செத்துப்போகும். குறைவாக ஆடுகிற வண்டிக்காரன் அன்று முழுக்க எல்லோருக்கும் பொதுவான பெரிய பித்தளைப் பம்பைச் சுமக்க வேண்டும். அதை வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். கேரியரில் வைக்கக்கூடாது என்பது டிரில் வாத்தியார் போட்ட சட்டம்.

உன் சக்கரம் இருபது, இருபத்திரண்டு என்று ஆடும். என் சக்கரம் எட்டு, ஒன்பது. பம்பு என் தோளிலேயே குடித்தனம் நடத்தியது. சட்டையில் அந்த வார் பட்ட இடம் மட்டும் வெளுத்துப்போயிருக்கும். உன்னிடம் ரகசியம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. கோன முழுசா இறுக்கு. அப்பறம் ஒரு கால் சுத்துப் பின்னால விடு. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. அச்சில் குண்டுகளை அணைத்து நிற்கிற அந்தக் கோனை நானும் அப்படித்தான் திருகினேன், எனக்கு ஒன்பதுக்கு மேல் வரவில்லையே. நீ எதையோ மறைக்கிறாய் என்று தீர்மானித்தேன். குடைக் கம்பிகளுக்குப் போடுகிற ஏதோ ஒரு எண்ணெயை அச்சுக்குள் விடுகிறாய் என்று ஒருவாரம் நினைத்தேன். வால்வுப் பக்கம் ரிம்முக்குள் ஈயம் வைத்திருக்கிறாய் என்று மறுவாரம் நினைத்தேன். வக்கீல் குமாஸ்தா புத்தி. சாட்சி இல்லாமலேயே வழக்கைக் கட்டிவிடும்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ ஜும்மாவுக்கு வரும்போது வண்டியை என்னிடம் விட்டுப்போவாய். எங்கள் ஆபீஸ் பள்ளிவாசலுக்கு இரண்டு கடை தள்ளித்தானே. அன்றும் அப்படித்தான் வந்தாய். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டே, "வண்டியப் பாத்துக்க மாப்ள, தொழுதுட்டு வாரேன்" என்றாய்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

நீ உள்ளே போனதும் வண்டியை ஆபீசுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தலைகீழாகக் கவிழ்த்தேன். உன் கேரியர்ப் பையிலிருந்த உன் ஸ்பேனரையே எடுத்து, முன் சக்கரத்து இடது நட்டைக் கழற்றினேன். பிறகு கோனைக் கழற்றினேன். ரகசியம் வெளியே வரப்போகிறது என்று குனிந்து பார்த்தேன். உள்ளே என்ன இருந்தது என்கிறாய்? மஞ்சள் கிரீஸ். எல்லோரும் போடுகிற அதே கிரீஸ். அதில் ஒரு மண் துகள்கூட இல்லை. அவ்வளவுதான் ரகசியம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீ பொய் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கோபத்தில் அச்சை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். குண்டுகள் கிரீஸோடு நழுவி மரத்தடி மண்ணில் விழுந்தன. பொறுக்கி, ஊதி, வேட்டி முனையில் துடைத்துத் திரும்ப வைத்தேன். எண்ணினேன். ஒன்பது. பக்கத்துக்குப் பத்து என்று எனக்குத் தெரியும். தேடினேன். அதற்குள் பள்ளிவாசல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். அவசர அவசரமாகக் கோனைத் திருகி, நட்டை விரலால் ஏற்றி, ஸ்பேனரால் ஒரு அரைச் சுற்று. வண்டியை நிமிர்த்தினேன். நீ வந்து, "என்ன மாப்ள, வேர்த்து ஊத்துது?" என்றாய். வெயில் என்றேன்.

பத்தாவது குண்டு சாயங்காலம் வீட்டில் கிடைத்தது. மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்தபோது தரையில் விழுந்து உருண்டது. சனிக்கிழமை முழுக்க ஒருநாள் இருந்தது. உன் கடைக்கு வந்து, "மாப்ள, இப்படி ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நீ சிரித்திருப்பாய். நட்டையும் இறுக்கியிருப்பாய். நான் குண்டைச் சுண்ணாம்பு டப்பாவில் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை உன் சக்கரம் எத்தனை ஆடுகிறது என்று பார்க்கும் ஆசை. அதற்காகத்தான். நட்டு அரைகுறையாக நின்றது எனக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று கேட்டால், இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

ஞாயிறு காலை உன் சக்கரம் ஏழு ஆடி நின்றது. என்னுடையது ஒன்பது.

கம்பவுண்டர் அண்ணன் இரண்டாம் தடவை ஆட்டிப் பார்த்தார். ஏழுதான். டிரில் வாத்தியார் என் தோளிலிருந்த பம்பைக் கழற்றி உன் தோளில் மாட்டினார். நீ சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னமோ சரியில்லண்ணே. வீட்டுக்குப் போயி பிரிச்சுப் பாக்கணும்" என்றாய். எப்போதும் கிளம்புமுன் நட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறவன், அன்று எங்கள் சிரிப்புச் சத்தத்தில் அதை விட்டுவிட்டாய். எனக்குத் தோள் லேசாக இருந்தது. காற்றில் மிதப்பதுபோல மிதித்தேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று சந்தேகம்.

செக்கானூரணி போய்த் திரும்பும்போது, நாகமலை ஓரத்து இறக்கத்தில் நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய். ஒரு பள்ளத்தில் உன் வண்டி குதித்தது. முன் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஃபோர்க் கவட்டில் உரசி நின்றுபோனது. நீ வண்டிக்கு மேலாகப் போய் விழுந்தாய். முதலில் பம்பு ரோட்டில் மோதிய சத்தம்தான் கேட்டது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அது மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

டிரில் வாத்தியார் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். "நட்டு லூசா இருக்குய்யா" என்றார்.

நீ நட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. அப்புறம் வாத்தியாரிடம் சொன்னாய், "நாந்தான் இறுக்காம விட்டுட்டேன் போல."

அன்றிலிருந்து உனக்கு நட்டு பாய் என்று பேர். மதுரையிலேயே சுத்தமான வண்டி வைத்திருந்தவனுக்கு அந்தப் பேர். உன் கை கூடி நீ திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. குடைக் கம்பியை வளைக்கும்போது நீ பல்லைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வந்த முதல் ஞாயிறே டிரில் வாத்தியார் சொன்னார், "ரோட்டுல ஆளக் கவுத்த வண்டி. ஆறு மாசத்துக்குத் தொட்டில் பாக்க வேண்டாம், பம்பு பாய்க்குத்தான்." நீ சரியென்று வாங்கி இடது தோளில் மாட்டிக்கொண்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாப்ள. கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் நீ என்னைக் கடைக்கு வரச் சொன்னாய். என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெட்டியிலிருந்து வெளுத்த துணி ஒன்றை எடுத்து உதறினாய்.

"மொதல்ல கீழ துணிய விரிக்கணும் மாப்ள. எல்லாரும் இதத்தான் விட்டுர்றாங்ய. துணி இருந்தா எதுவும் உருண்டு ஓடாது."

கோணல் மணிக்கட்டோடு நீயே என் அச்சைப் பிரித்தாய். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியின் மேல் வரிசையாக வைத்தாய். எண்ணினாய். "பக்கத்துக்குப் பத்து. ஒன்பது இருந்தா, தொறந்தவன் ஒண்ண எங்கயோ விட்டுட்டான்னு அர்த்தம்." இதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. குண்டுகளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிரீஸில் பதித்தாய். நான் வாயைத் திறந்தேன். உன் அத்தா உள்ளிருந்து, "டேய், ரெண்டு பேருக்கும் டீ சொல்லவா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிந்திருக்கும். மறு ஞாயிறு என் சக்கரம் பத்தொன்பது ஆடியது.

சண்டைக் காலத்தில் டயர் கிடைக்காமல் ஊரே அல்லாடியபோது, என் பின் டயர் கிழிந்து, உள்ளே பழைய தோலை வைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ முன்யோசனையாக வாங்கி வைத்திருந்த இரண்டில் ஒன்றைக் காகிதம் பிரிக்காமல் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டாய். "இம்புட்டு தூரம் வர்றவன் நீ. எனக்கு எதுக்கு ரெண்டு?" வீட்டுக்குப் போய் அந்த டயரை மாட்டும்போது உன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒருதடவையாவது நீ என்னைத் திட்டியிருக்கக்கூடாதா? நல்லவனாக இருப்பதிலுமா என்னைத் தோற்கடிக்க வேண்டும்?

இப்போது உன் சைக்கிளை உன் தம்பி ஓட்டுகிறான். செயினுக்கு எண்ணெய் காட்டுவதில்லை, மழையில் நிறுத்துகிறான். அவன் மேலும் எனக்குப் பொறாமைதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பரவைக்குப் போனோம். புதிதாகப் போஸ்ட் ஆபீஸ்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். சந்தைக்கு எதிரே காப்பி குடிக்கும்போது டிரில் வாத்தியார் அவரிடம் உன் கதையை ஆரம்பித்தார். நீ போன பிறகு எல்லாப் புது ஆளுக்கும் சொல்கிற கதை. "தங்கமான மனுசன். ஆனா பாருங்க, முன் சக்கரத்து நட்ட இறுக்காம நாகமல எறக்கத்துல போனான்..." பாசமாகத்தான் சொல்கிறார். கேட்கிறவர்களும் பாசமாகத்தான் சிரிக்கிறார்கள். உன்னைப் பார்த்தே இராத அந்த மனிதரும் சிரித்தார். அவருக்கு நீ என்றால் இனி அந்த நட்டு மட்டும்தான்.

"நட்ட அவன் இறுக்கித்தான் வச்சிருந்தான்" என்றேன். "கழட்டுனது நானு."

வெள்ளிக்கிழமைக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கம்பவுண்டர் அண்ணன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "செத்தவன் பேரக் காப்பாத்தப் பழிய நீ ஏத்துக்கிற பாரு. சிநேகிதம்னா இதுதான் தம்பி." போஸ்ட் ஆபீஸ்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். உன்னைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் எனக்குத்தான் நல்ல பேர் வருகிறது. இது என்ன நியாயம், மாப்ள?

காலையில் மடியில் செருகிக்கொண்டு வந்திருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். குண்டைக் காப்பித் தம்ளர்களுக்கு நடுவே வைத்தேன். பலகை சாய்வாக இருந்ததால் அது மெல்ல உருண்டது. ஓரத்துக்குப் போகுமுன் கம்பவுண்டர் அண்ணன் பிடித்தார். விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி அளவு பார்த்தார். முன் சக்கரத்துக் குண்டுதான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒன்பதோடயா மூடுன?" என்றார்.

"ஆமாண்ணே."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

காப்பி ஆறியது. "அன்னிக்கு ஆட்டம் ஏழு வந்துச்சு. நான் ரெண்டு தடவ எண்ணுனேன்" என்று கம்பவுண்டர் அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குண்டை என் கையிலேயே திருப்பி வைத்தார். டிரில் வாத்தியார் எழுந்து போனார். இன்று பம்பு போஸ்ட் ஆபீஸ்காரர் வண்டியருகே சாய்ந்திருந்தது. காலையில் தொட்டில் பார்த்தபோது என் சக்கரம்தான் எல்லோரையும்விட அதிகம் ஆடியது, உன் துணியின் புண்ணியத்தில். வாத்தியார் பம்பை எடுத்து வந்து என் தோளில் மாட்டினார். வாரை இழுத்து இறுக்கினார்.

"எத்தன நாளைக்கு வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"அவன் எறக்கி வைக்கச் சொல்ற வரைக்கும்" என்றார்.

பரவையிலிருந்து டவுன் வரைக்கும், டவுனிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் சுமந்து வந்தேன். உன்னோடு விழுந்த அன்று வாங்கிய நசுங்கல் பம்பில் அப்படியே இருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் சரியாக விலாவில் குத்துகிறது. முதல் மைலிலேயே எனக்கு வலிக்கத் தொடங்கிவிட்டது. இதை நீ ஆறு மாதம் சுமந்தாய், கோணல் கையோடு, யாருடைய தப்பு என்று தெரிந்தே, எனக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு. ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. எப்படி முடிந்தது உன்னால்? பொறாமையாக இருக்கிறது, மாப்ள.